சீர் வருகிற பக்கம்

மச்சான்,

வழக்கமான சோதனைக்காகச் செங்கல்பட்டு ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். வரிசையில் இன்னும் சில ஆண்கள் காலைப் பின்னிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் "இன்னா மாப்ள, எல்லாருக்கும் டேங்க் ஃபுல்லா?" என்று சத்தமாகக் கேட்டு, சிரிக்க வைத்தே பாதிப் பேரைக் கழிவறைக்கு ஓட வைத்திருப்பாய்.

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா வேன் ஓட்டிய காலத்தில் கடற்கரைச் சாலையில் நீ அடிக்கடி வண்டியை ஓரங்கட்டுவாய். பயணிகள் முணுமுணுத்தால் "இன்ஜின் சூடாயிடிச்சி சார்" என்று சொல்லிவிட்டுச் சவுக்குத் தோப்புக்குள் போவாய். சூடு உன் உடம்பில்தான் என்று நாம் எல்லோரும் நம்பினோம். டிரைவர் சீட்டுச் சூடு. அதற்கு இளநீர், ஊறவைத்த வெந்தயம், எண்ணெய்க் குளியல். உன் அப்பாவும், அதாவது என் தாய்மாமனும், இதே போலத்தான் டிராக்டர் சூடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னதை, ஊருக்கு நீர்க்கடுப்பு என்று சொல்லி அமுக்கிவிட்டோம். இடுப்பு வலி தாங்காமல் நீ போய்ப் பார்த்தபோது அதே நோய் உனக்கு எலும்புவரை போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வேலையிடத்து வருடாந்தரப் பரிசோதனையில் ரத்தத்தில் புராஸ்டேட் கோளாறைக் காட்டும் பி.எஸ்.ஏ. அளவு கூடியிருந்தது. ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை என்று வந்தது. அணுபுரத்திலிருந்து பால்கோவா வாங்கிக்கொண்டு படாளத்துக்கு உன்னைப் பார்க்க ஓடி வந்தேன். இடுப்புப் பட்டையோடு படுத்திருந்த நீ அதை வாயில் போடும்முன் ஒன்று கேட்டாய்.

"எங்க நைனா கதைய டாக்டராண்ட சொன்னியா?"

"அது உங்க பக்கம் மச்சான். எங்க பங்காளி வூட்ல யாருக்கும் இல்லன்னு சொல்ட்டேன்."

நான் ஒன்றும் மறைக்கவில்லை. குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டபோது அப்பா, பெரியப்பா, சித்தப்பா என்று வரிசையாக நினைத்துப் பார்த்துத்தான் சொன்னேன். சாவுத் தீட்டு யாருக்கு என்று பார்க்கிற அதே வரிசை. தாய்மாமன் பக்கம் நமக்குச் சீர் வருகிற பக்கம். அங்கிருந்து நோயும் வரும் என்று யார் நினைத்தார்கள்?

உனக்கு வந்ததே கோபம். "உங்கம்மா யாரு? எங்க நைனா கூடப் பொறந்தவ. அதுவும் பத்தாதுன்னு என் தங்கச்சிய வேற கட்டிக்கினு கீற. இன்னாடா உங்க பக்கம், எங்க பக்கம்?" மறுநாள் உன் வேனிலேயே, பின் சீட்டில் படுத்துக்கொண்டு, என்னோடு டாக்டரைப் பார்க்கக் கிளம்பிவிட்டாய்.

டாக்டர் ஓர் இளம்பெண். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீதான் எல்லாம் பேசினாய். மாமாவின் நோய், உன் நோய், நனைந்த லுங்கியை நீயே துவைத்துப் போட்டது வரை. கதவு திறந்தே கிடந்தது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். எனக்கு உடம்பே கூசியது.

கேட்டு முடித்ததும் அவர், அப்படியென்றால் இதை இப்படியே விடக் கூடாது, ஏற்கெனவே எடுத்த சதையிலேயே இன்னொரு சோதனை செய்யலாம் என்றார். மரபணு மாறாமல் அப்படியே இருந்தாலும், நோயைத் தடுக்கிற சில மரபணுக்களின் மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக்குறி ஒட்டி அவற்றை வேலை செய்யவிடாமல் செய்யுமாம். ஊசிக்குத் தப்பிய புற்றுநோய் அருகில் எங்காவது இருந்தால், நல்லதாகத் தெரிகிற சதையிலும் அந்தக் குறி இருக்கக்கூடுமாம்.

நீ யோசித்தாய். "வூட்ல ஆள் கண்ணுக்குத் தெரியல, ஆனா வாசல்ல செருப்பு கீது. அந்த மாதிரியா மேடம்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான். செருப்பு இருந்தா ஆள் உள்ள இருந்தே ஆகணும்னு இல்ல. ஆனா உள்ள போய்த் தேடிப் பார்க்கணும்."

செருப்பு இருந்தது. மறுபடி ஸ்கேன் பார்த்து, மறுபடி ஊசியால் சதை எடுத்துத் தேடினார்கள். புராஸ்டேட் சுரப்பியைத் தாண்டாமல், சிறியதாக, ஓர் ஓரத்தில் அகப்பட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து நான் வீட்டுக்கு வந்த செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் நீ போனாய். உனக்குக் கிடைக்காத நேரத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தாய். உன் தங்கை இன்றும் குங்குமம் வைக்கும்போது கண்ணாடியைப் பார்த்து உன் பெயரைச் சொல்கிறாள். நன்றி என்ற சொல் நமக்குள் எப்போதும் வந்ததில்லை. இப்போது சொல்கிறேன் மச்சான், வைத்துக்கொள்.

போன மாதம் படாளத்தில் உன் பேத்திக்குக் காது குத்தினோம். சாப்பாடு முடிந்து பந்தலில் ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது நான் எழுந்து நின்று, ராத்திரியில் யார் யார் அடிக்கடி எழுந்து போகிறீர்கள் என்று கேட்டேன். பெரியவர் ஒருவர் பதறினார். "யோவ், பொம்பளைங்க கீறாங்கய்யா!"

"இருக்கட்டும். நம்மள ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதே அவங்கதான்" என்றேன். என் வாயிலிருந்து உன் பேச்சு வந்தது. எல்லோரும் சிரித்துக் கலைந்தார்கள். நான் வண்டியை எடுக்கும்போது உன் கடைசித் தம்பி பின்னாலேயே வந்தான். சுற்றும் முற்றும் பார்த்தான்.

"மாமா, அது எந்த டாக்டரு? வூட்ல சொல்லிடாத."

நாளை அவனை அழைத்துப் போகிறேன். உள்ளே போனதும் தலையைக் குனிந்துகொண்டு உட்காருவான், வாய் திறக்க மாட்டான். பரவாயில்லை. கதவு திறந்திருந்தாலும் நான் பேசுவேன்.