எஸ்தர் தனியாகக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள்

அக்கா,

வீடு முழுக்கப் பன்னீர் வாசனை. செம்பில் ஊற்றும்போது எஸ்தர் பாதியைத் தரையில் கொட்டிவிட்டாள். துடைத்தும் வாசனை போகவில்லை. வாலாஜாபேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். கூட நான் இல்லை, நீங்களும் இல்லை. திரும்பி வர பஸ் ஏறியதும் மிஸ்டு கால் கொடுப்பதாக உங்கள் கம்பெனிப் பெண்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். செல்போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சார்ஜ் இருக்கிறதா என்று நூறு தடவை பார்த்துவிட்டேன். வேறு யாரிடம் சொல்ல?

நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குத் தெரியாததா? அவள் அப்பா போன பிறகு, பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குக் கிளம்பும்போது அவளை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிடுவேன். மூளை வளர்ச்சி குறைவு என்று டாக்டர்கள் எழுதிக்கொடுத்த பெண், வயதோ இருபதைத் தாண்டிவிட்டது. எவன் கையைப் பிடித்து இழுப்பானோ, எந்த லாரியில் அடிபடுவாளோ என்று நாள் முழுக்க நடுக்கம்தான். ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று அவளோடு பேசிய ஒரே ஆள், பக்கத்து வீட்டு நீங்கள். ஷூ கம்பெனியிலிருந்து வந்ததும், தோள் பையைக்கூட இறக்காமல், யாருக்குச் சம்பந்தம் பேசியிருக்கிறார்கள், யார் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள் என்று எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்வீர்கள். கேட்டுக் கேட்டு, உங்கள் தையல் லைனில் இருந்த அத்தனை பேரையும் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு பள்ளிகொண்டாவில் அந்தக் கல்யாணம் வந்தது. உங்களோடு தைக்கிறவரின் மகளுக்கு. அவரிடம் முன்கூட்டியே பேசிவைத்து, எஸ்தர் கையில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்து மண்டப வாசலில் நிற்க வைத்தீர்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். அவள் யாரையும் விடவில்லை. வேன் டிரைவர், தண்ணீர் கேன் போட வந்தவர் எல்லோருக்கும் தெளித்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு மட்டும் தலையோடு அபிஷேகமே நடந்துவிட்டது.

"இத யாரு இங்க நிக்க வெச்சது?" என்றார் அவர்.

"நான்தாங்க. இன்னாத்துக்குக் கேக்குறீங்க?" என்று சொல்லி உங்கள் கைக்குட்டையை நீட்டினீர்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குத்தான் அந்த 'இத' என்ற சொல் நெஞ்சில் தைத்துவிட்டது. கை கழுவும் சாக்கில் பின்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் வாசலில் எஸ்தர் இல்லை.

எதிரே பெங்களூர் ரோடு. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. செருப்புகூடப் போடாமல் ரோட்டோரம் ஓடினேன். நீங்கள்தான் வந்து என் கையைப் பிடித்துப் பந்திக்குள் இழுத்துப் போனீர்கள். அங்கே உங்கள் லைன் பெண்களுக்கு நடுவில் எஸ்தர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் பன்னீர்ச் செம்பு இருந்தது.

"உனக்கு எடம் புடிச்சிட்டேம்மா" என்றாள்.

பிரியாணியை இலையிலேயே விட்டுவிட்டேன். இனி எங்கும் அனுப்பமாட்டேன் என்று பஸ்ஸில் உங்களிடம் சண்டை போட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. "உன் பயத்த நீயே வெச்சிக்கோ. அவளுக்குத் தராத" என்றீர்கள். அதன் பிறகு எத்தனை கல்யாணம், வளைகாப்பு, கிறிஸ்துமஸ், ரம்ஜான்! அவளைப் பார்த்துவிட்டு ஒருத்தி, வீட்டிலேயே அடைந்து கிடந்த தன் அண்ணனையும் நாற்காலி போடக் கூட்டி வந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் பின்னாலேயே வந்தேன். ஒரு தடவைகூடப் பயம் குறையவில்லை. அதுதான் உண்மை.

வேலூர் ஆஸ்பத்திரியில் நீங்கள் கடைசியாகக் கிடந்தபோது, உங்களுக்குப் பிறகு இவளை யார் கூப்பிடுவார்கள் என்று கேட்டுவிட்டேன். சாகக் கிடக்கிறவரிடம் கேட்கிற கேள்வியா அது? நீங்களோ, "அது எனக்காக வந்த கூட்டம் இல்ல. அவ சேத்துக்கிட்ட கூட்டம்" என்றீர்கள். நான் நம்பவில்லை. நீங்கள் போய் மாதங்கள் ஆகியும் யாரும் வராதபோது, நான் பயந்ததே நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

போன வாரம் உங்கள் லைன் பெண் ஒருத்தியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. கவரின் மேல் எஸ்தர் பெயர் மட்டும். நானும் புடவை எடுத்து வைத்தேன். இன்று காலை உங்கள் பெண்கள் ஆட்டோவில் வந்து இறங்கியதும், "நீ வர வேணாம்மா. நான் போயிட்டு வர்றேன்" என்றாள். கூட்டத்தில் தொலைந்தால்? யாராவது திட்டினால்? நாளைக்கு நானும் இல்லாமல் போனால்? எல்லாம் வாய் வரை வந்தது.

ஒன்றையும் சொல்லவில்லை, அக்கா. நீங்கள் சொன்னபடி பயத்தை நானே வைத்துக்கொண்டேன். பன்னீர்ச் செம்பை மட்டும் அவளிடம் கொடுத்தனுப்பினேன்.