இறக்கை என்னுடையது, விமானம் ஜோசப்புடையது

ஞாயிறு இரவு

ஜோசப்பின் ரிமோட் விமானம் இன்னும் கிடைக்கவில்லை. அதில் ஒட்டியிருப்பதோ என் பதிவு எண்.

காலையில் கொள்ளிடம் மணலில் வழக்கமான வாக்குவாதம். "நானே தெர்மாகோல் வெட்டி ஒட்டினது. இதுக்குப் போய் கவர்மெண்ட் நம்பரா? நான் பதிய மாட்டேங்க," என்றார் ஜோசப். நான் போன வாரமே என் விமானத்தைப் பதிந்து, அந்த எண்ணையும் என் போன் நம்பரையும் இறக்கையில் ஒட்டிவிட்டேன். பதிவுப் படிவத்தில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் பெயரைப் போட்டபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தரையிறக்கும்போது அவருடைய இறக்கை உடைந்தது. எங்கள் இருவரின் விமானமும் ஒரே அளவு. எப்போதும்போல என்னுடையதைக் கழற்றி மாட்டிக்கொடுத்தேன். ஸ்டிக்கர் நினைவுக்கே வரவில்லை. மேலே போனதும் அவருடைய விமானம் சிக்னல் விட்டுப்போய், தென்னந்தோப்பைத் தாண்டி மறைந்துவிட்டது.

மோட்டார், வால், உடம்பு எல்லாம் அவருடையது. அப்படியென்றால் பதிவான விமானம் எது? தோப்பில் கிடப்பதா, இறக்கையில்லாமல் என் மேஜையில் கிடப்பதா? போலீஸ் கேட்டால் எதைக் காட்டுவேன்?

பதியவே மாட்டேன் என்றவரிடமிருந்து இதோ மூன்றாவது மெசேஜ்: "நம்பரைப் பார்த்து யாராச்சும் கூப்பிட்டாங்களா?"