ஃப்ரீஸரில் ஒரு மாப்பிள்ளை

மார்ச் 4

மலையிலிருந்து மகரந்தம் வந்தது. விரல் நீளக் குப்பியில் ஒரு சிட்டிகை மஞ்சள் பொடி.

உலகத்திலேயே அந்த ஒரு மலையில்தான் இந்தப் புதர் உண்டு. மண் சரிந்தபின் அங்கே மிஞ்சியவை ஆண் செடிகள் மட்டும். பெண் செடி, எங்கள் தாவரவியல் பூங்காவில் நான் பார்த்துக்கொள்ளும் இது ஒன்றுதான். அங்கே ஆண் பூத்து ஓய்கிறது. இங்கே மகாராணி மொட்டே விடவில்லை. அதுவரை மகரந்தம் குளிரில் இருக்க வேண்டும். பூங்கா ஃப்ரிட்ஜை ஆளுக்கு ஆள் திறக்கிறார்கள். வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஆயிற்றே என்று வீட்டு ஃப்ரீஸரில் வைத்தேன்.

"மாப்பிள்ளைக்கு நம்ம வீட்டுலதான் ஜாகையா?" என்றார்.

மார்ச் 17

மொட்டு! செம்பு நிறத் தண்டில் கடுகளவு. இருபது வருஷமாகச் செடிகளோடு குப்பை கொட்டுகிறேன், இப்படி ஒரு அழுத்தக்காரியைப் பார்த்ததில்லை. உரம் வைத்தால் முகம் சுளிக்கிறாள். கல்லும் மணலும் போட்டால் சிரிக்கிறாள். என்ன அழகு!

மார்ச் 23

ஃப்ரீஸரில் ஐஸ் கட்டிவிட்டதாம். அணைத்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். குப்பி பகல் முழுக்க ஜன்னல் வெயிலில். ஊரு ஃப்ரிட்ஜெல்லாம் பாக்குற மனுஷனுக்கு இது தெரியாதா? தெரியாதா? கத்தித் தீர்த்தேன்.

மார்ச் 24

மகரந்தத்தைச் சர்க்கரைக் கரைசலில் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். உயிர் இருந்தால் முளைவிடும். ஒன்றுகூட விடவில்லை. செத்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் இவரும் இல்லை, ஐஸ் பெட்டியும் இல்லை. போன் செய்தால், "மலைக்குப் போறேன். கடைசிப் பூ ஏதாவது இருக்கும்" என்கிறார். மாடிப்படிக்கே முனகுகிற முழங்கால்!

மார்ச் 27

நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். வனக்காவலர் கூட்டிப்போனாராம். பிந்திப் பூத்த ஒரே ஒரு கிளை, பெட்டியில் பத்திரமாக. கைப்பிடி மண்கூட இல்லாத பாறை இடுக்கில் அது நிற்பதை, காற்றில் படுத்துப் படுத்து எழுவதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். இத்தனை வருஷம் நான் சொன்னதெல்லாம் எந்தக் காதில் போனதோ. இருந்தாலும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 29

பூ விரிந்தது. தூரிகையால் மகரந்தம் தொட்டு வைத்தேன். பிடிக்க வேண்டுமே — பயமாக இருக்கிறது.

மே 11

பூ உதிர்ந்த இடத்தில் பச்சையாக, மிளகளவில் மூன்று காய். போனில் சொன்னதும் கடையை அடைத்துவிட்டு ஓடி வந்தார். கிரீஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்:

"யாரு ஜாடை?"