நீ சொன்னபடியே சொல்லிவிட்டேன்

சட்டைப் பையில் விரலை விட்டால் வெள்ளையாக வருகிறது. சாக்பீஸ் தூள். நேற்று மாலை டீச்சரம்மா என்னைப் பலகைக்குக் கூப்பிட்டார்கள். கையில் கொடுத்த துண்டைத் திருப்பிக் கொடுக்காமல் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ஏன் ஓடினேன், எங்கே ஓடினேன் என்பதை உனக்குத்தான் சொல்ல வேண்டும். காலையிலிருந்து உட்கார முடியவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து வாசல் வரை போகிறேன், திரும்பி வந்து எங்கே விட்டேன் என்று தேடுகிறேன்.

ஆமாம், எழுதுகிறேன். நான்தான். நீ கண்ணை மூடிய பிறகு ஊரை விட்டுச் சாரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தேன். பக்கத்துத் தெருவில் பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் உட்கார்ந்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன. ‘ழ’ வந்த அன்று நாள் முழுக்கப் ‘பழம், கிழம்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். தமிழ் முடிந்ததும் அதே பெஞ்சில் தையல் கற்கும் பெண்களுக்கு இங்கிலீஷ் பாடம். நான் எழுந்து போகவில்லை. அவர்களும் போகச் சொல்லவில்லை. இந்த மடலை நீ இருந்திருந்தாலும் படித்திருக்க மாட்டாய், உனக்கும் எழுத்து தெரியாது. அதனால் தப்பு வருமோ என்ற பயமில்லாமல் எழுதுகிறேன்.

நேற்றைய பாடம் இதுதான். ஒருவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்வது ஒரு விதம். அதையே நம் பேச்சாக மாற்றிச் சொல்வது இன்னொரு விதம். டீச்சரம்மா பலகையில் எழுதினார்கள்: மீனா செட், “ஐ ஆம் டயர்ட்.” அதன் கீழே: மீனா செட் தட் ஷி வாஸ் டயர்ட். முதல் வரியில் ‘நான்’ என்று இருந்தவள் இரண்டாம் வரியில் ‘அவள்’ ஆகிவிடுகிறாள். ‘இன்று’ என்று சொன்னால் அது ‘அன்று’ ஆகுமாம். ‘இங்கே’ என்றால் ‘அங்கே’.

ஒரு பெண் கேட்டாள், “எதுக்கு டீச்சர் இவ்ளோ மாத்தணும்? சொன்னத அப்படியே சொல்லிட்டா என்ன?”

“சொல்லலாம். அப்படியே சொன்னா அந்த ஆளே வந்து பேசற மாதிரி இருக்கும். மாத்திச் சொன்னா அந்த ஆள் கொஞ்சம் தூரம் போயிடுவார். அவ்ளோதான்.”

அன்று காலையில் நான் செய்துவிட்டு வந்த காரியம் அதுதானே.

உனக்கும் உன் தம்பிக்கும் பேச்சு நின்றது படகுப் பெயரால். புதுப் படகுக்கு உன் மகள் பெயரா, அவன் மகள் பெயரா என்று ஆரம்பித்தது. பெயிண்டர் எதையோ எழுதிவிட்டுப் போனான். அதைப் படிக்க உனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் சண்டை போட்டீர்கள். முற்றத்தின் நடுவில் சுவர் வந்தது. அதற்குப் பிறகு நம் ஊர் பிள்ளைச்சாவடி டீக்கடையில் எதிரெதிர் பெஞ்சில் நீங்கள் இருவர், நடுவில் உங்கள் இருவருக்கும் கூட்டாளியான நான். முழங்கால் இடிக்கிற தூரம்தான். ஆனாலும் எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான் போக வேண்டும்.

“நாளைக்குக் கடலுக்கு வர்றானான்னு கேளு.”

“உங்க அண்ணன் கேக்கறாரு, நாளைக்கு வர்றியான்னு.”

“காத்து சரியில்லன்னு சொல்லு.”

“காத்து சரியில்லையாம்.”

“காத்து சரியில்லையா, அவனுக்கு மூள சரியில்லையான்னு கேளு.”

நான் உன் தம்பியின் பக்கம் திரும்பி, “இன்னொரு தரம் யோசிக்கச் சொல்றாரு” என்பேன். டீக்கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் முதுகைத் திருப்பிக்கொள்வார். நீ எகிறுவாய்.

“நான் அப்படியா சொன்னேன்?”

“அர்த்தம் அதானடா?”

“அர்த்தத்த யார்றா கேட்டா ஒன்ன? சொன்னதச் சொல்லு.”

என் வாய்க்கு அது வரவே வராது. நீ கல்லாகக் கொடுப்பதை நான் வழியில் கழுவித் துடைத்துக் கூழாங்கல்லாக்கித்தான் அவனிடம் கொடுப்பேன். நடுவில் நிற்கிற ஆள் அப்படித்தான் செய்வான் என்று ஊரே நினைத்தது. உன் தம்பியும் காது கேட்காதவன் இல்லை. நீ சொன்னதையும் கேட்டுக்கொள்வான், நான் சொன்னதையும் கேட்டுக்கொள்வான். பதில் மட்டும் எனக்குச் சொல்வான்.

கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது அவனுக்கென்று ஒரு சேதி கொடுத்தாய். “அவன் வீட்ட விக்கறேன்னு கெளம்பற அன்னிக்குச் சொல்லு. அதுக்கு முன்னாடி வாயத் தொறக்காத. நான் இருக்கறப்பவே தெரிஞ்சா அவன் ஜெயிச்சிடுவான்.” அப்போதும் உனக்கு ஜெயிப்பதுதான் கவலை.

நீ சொன்ன நாள் வந்துவிட்டது. உன் தம்பி தன் பாதி வீட்டை விற்றுவிட்டு ரெட்டியார்பாளையத்தில் மகளோடு போய்த் தங்கப் போகிறான் என்று தெரிந்தது. வீடு பார்க்கிறவர்கள் இன்று காலை வருவதாக இருந்தது. அவன் போய்விட்டால் உன் வீட்டுக்காரி தனியாகத்தான் கிடக்க வேண்டும், சுவருக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாத யாரோ. அவன் மட்டும் அங்கே போய் என்ன செய்யப் போகிறான்? பெண்சாதி போன நாளிலிருந்து தானே பொங்கித் தானே தின்கிறவன். கடல் கண்ணில் படாமல் அவனால் ஒரு வாரம் இருக்க முடியாது.

நேற்றுக் காலை பிள்ளைச்சாவடிக்கு ஓடினேன். அவன் வலை மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். என் பழக்கம் என்னை விடவில்லை. “உங்க அண்ணன் நீ இங்கயே இருக்கணும்னு ஆசப்பட்டாருப்பா” என்றேன்.

அவன் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். “எங்க அண்ணனா? ஆசப்பட்டாரா? அந்த வார்த்த அவரு வாயில வந்து நான் கேட்டதே இல்லண்ணே. இது ஒன் மனசு. நல்ல மனசு. நீயே வச்சிக்க.”

சாரத்துக்குத் திரும்பினேன். மாலையில் வகுப்புக்குப் போனதுகூட வீட்டில் இருக்கப் பிடிக்காமல்தான். அங்கேதான் டீச்சரம்மா அதைச் சொன்னார்கள். உன்னைத் தூரமாக்கிவிட்டுத்தானே அவனிடம் கொண்டுபோனேன்? பலகைக்குக் கூப்பிட்டு அடுத்த வரியை மாற்றி எழுதச் சொன்னார்கள். சாக்பீஸோடு நின்றேன்.

“நான் போயிட்டு வர்றேன் டீச்சரம்மா.”

“என்ன ஐயா, ஒடம்பு சரியில்லையா?”

“ஒருத்தர் சொன்னத அப்படியே சொல்லணும். இப்பவே சொல்லணும்.”

அவர்கள் பாடத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்து, “நல்லது, சொல்லுங்க” என்றார்கள். அதற்குள் நான் வாசலைத் தாண்டிவிட்டேன்.

பஸ்ஸில் உன் வார்த்தைகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பாதி வழியில் சத்தம் வெளியே வந்துவிட்டது. “முட்டாப் பயலே!” கண்டக்டர் திரும்பினார். “யாரப் பெருசு சொல்ற?” பக்கத்தில் இருந்த அம்மா கூடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உன் தம்பி வாசலில் நின்றிருந்தான். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மரியாதை வந்துவிடும். நீ நிற்பதுபோல் இடுப்பில் கையை வைத்து, கடலில் காற்றுக்கு மேல் கத்திக் கத்திக் கரகரத்துப் போன உன் குரலில், முற்றத்தில் நின்று கத்தினேன்:

“டேய் முட்டாப் பயலே! நான் செத்தா நீ வீட்ட வித்துட்டு ஓடுவேன்னு எனக்குத் தெரியும்டா. ஓடிப் பாரு, கால ஒடைக்கறேன். சொவத்த இடிச்சிட்டு ஒங்க அண்ணி கையால ஒழுங்கா சோறு துன்னு!”

தெருவில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். உன் தம்பியின் முகம் என்னவோ போல் ஆனது. அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

“இன்னொரு வாட்டி சொல்லு.”

சொன்னேன். ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

அவன் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பினான். “யோவ்! இருக்கறப்ப இதச் சொல்ல வாய் இல்லையா ஒனக்கு? நான் என்ன எங்கயோ தூரத்துலயா இருந்தேன்? சொவத்துக்கு இந்தப் பக்கம்தான இருந்தேன்!” கத்தினான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் உன்னிடம் நேராகப் பேசினான். நான் கேட்டேன். இதை நீ கேட்டிருக்க வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் வீட்டுக்காரியின் சத்தம் வந்தது. “சோறு போடணும்னா யாரு போடறது? ரெண்டு பேரும் எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். “அண்ணே, அண்ணிகிட்ட கேளு, இன்னிக்கு என்ன கொழம்புன்னு.”

நான் வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். அவன் காத்திருந்தான். அந்தப் பக்கத்தில் பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது. கடைசியில் அவனே சுவரருகே போய், சின்னப் பிள்ளை மாதிரி, “அண்ணி, என்ன கொழம்பு?” என்றான்.

“கருவாட்டுக் கொழம்பு. கைய கழுவிட்டு வா.”

இன்று காலை வீடு பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டானாம், போன் வந்தது. சுவரை இடிக்க ஆள் வைக்கவில்லை, தானே இடிப்பானாம். இந்த வயதில் முதுகைப் பிடித்துக்கொள்ளப் போகிறான். போய்ப் பார்க்க வேண்டும் என்று மனம் பறக்கிறது. இதை முடித்துவிட்டுக் கிளம்புகிறேன்.

நேற்றுக் கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மகள் மிளகு தட்டிப் போட்டு வெந்நீர் கொண்டுவந்து வைத்திருக்கிறாள், ஆறிக்கொண்டிருக்கிறது. குடிக்கவில்லை. பேசினால் கரகரவென்று உன் குரல்தான் வருகிறது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.