துரைசாணித் தொப்பி

அன்புள்ள அக்கா,

அம்மாவிடம் தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டாயாம். அந்தத் தலைவலி நான்தான்.

பேராதனையில் நடக்கும் நாடகத்துக்காக வைக்கோல் பின்னலைச் சுற்றிச் சுற்றிக் கையால் தைத்த அந்தப் பழங்காலத் தொப்பி பஸ்ஸில் நசுங்கிவிடும் என்றுதான் தலையில் போட்டுக்கொண்டு போனாய். எனக்குத் தெரியும். தெரிந்தும், மஹய்யாவச் சந்தியில் என்னோடு நின்ற பயல்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தபோது, "துரைசாணியம்மா, குதிரை வண்டி எங்கங்க?" என்று கத்தினேன்.

"ஒங்க அக்காவாடா?" என்று சுதேஷ் கேட்டான்.

"இல்லடா."

உனக்குக் கேட்டது. ஆனாலும் என்னைத் தெரியாதவள் போலவே நடந்து, என் பொய்யைக் காப்பாற்றினாய்.

தொப்பி தைக்கிற மரத்தலை, அந்த அளவுக்கட்டை, இல்லாமல் அதை என் தலையில் வைத்துத்தானே தைத்தாய்!

நாளைக்கு நீ கொண்டுபோக வேண்டிய அடுத்த தொப்பியை நான் போட்டுக்கொண்டு சந்தி வழியாக வருகிறேன். நாடாவை மட்டும் நீ கட்டிவிடு.

உன் மரமண்டை