அடுத்தவர் முழங்கால்

டிசம்பர் 10, புதன்

லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது வலது முழங்காலில் இரும்பு இடித்துவிட்டது. ஊர் லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவனுக்கு வாய்த்த வீட்டில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி ஏறி வந்து, ஈரத்துணி கட்டி, காலை ஸ்டூல்மேல் போட்டு உட்கார்ந்தேன். காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்தேன். அதுதான் வினையாகப் போச்சு.

திமுதிமுவென்று பத்துப் பேர் உள்ளே வந்துவிட்டார்கள். கையில் கிடார், தலையில் சிவப்புக் கிறிஸ்துமஸ் குல்லா. "இதோ இருக்காரு பாருங்க!" என்றார் ஓர் அம்மா. பாஸ்டரின் மனைவியாம். நான் வாயைத் திறப்பதற்குள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு பாட்டு. பிறகு அந்த அம்மா என் தலையில் கை வைத்து, "ஆபரேஷன் பண்ணின இந்த முழங்காலைச் சுகமாக்குங்க ஆண்டவரே" என்று ஜெபித்தார். என்ன ஆபரேஷன்? யாருக்கு? நான் சர்ச் வாசலைக்கூட மிதித்ததில்லையே!

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மனைவி பிரிந்துபோய் நாலு வருஷம் — அதற்கப்புறம் என் தலையில் யாரும் கை வைத்ததில்லை. ஆடிப்போய்விட்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

வீக்கம் வடிந்துவிட்டது. துணியைக் கழற்றிப் போட்ட நேரத்தில், அந்தக் கூட்டத்தில் அடித்தொண்டையில் பாடிய பஸ் டிரைவர் தூக்குவாளியில் சூப்போடு வந்து நிற்கிறார். "ஆறுறதுக்குள்ள குடிச்சிடுங்கண்ணே. ஞாயித்துக்கிழமை நானே வந்து சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்." இப்பவாவது சொல்லித் தொலைடா! சொல்லவில்லை. குடித்துவிட்டேன். வெட்கமே இல்லாமல் தூக்கைக் கழுவியும் கொடுத்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

போனேன். நொண்டிக்கொண்டே போனேன். உள்ளே பாதி தூரம் நடந்த பிறகுதான் உறைத்தது — நொண்டுவது இடது கால். அன்றைக்குக் கட்டுப் போட்டிருந்தது வலது! அதற்கப்புறம் மாற்றவா முடியும்?

டிரைவர் பாட்டுப் புத்தகத்தில் விரல் வைத்து வரி வரியாகக் காட்டினார். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் கண்ணை மூடினார்கள், நானும் மூடினேன். சாமியோடு பேச்சுவார்த்தையை நிறுத்திப் பல வருஷம். இன்றைக்கு எடுத்த எடுப்பில், "நான் அந்த ஆள் இல்லை" என்றேன். யாரோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது. பயமாகவும் இருந்தது.

டிசம்பர் 17, புதன்

ஜன்னல் திரையை விலக்கினேன். எதிர்க் கட்டடம், அதே மூன்றாம் மாடி. ஒரு பெரியவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடி அடியாக நடக்கிறார். முழங்காலில் கட்டு.

ஐயையோ. அவர்தான்.

அவருக்கு வந்ததையெல்லாம் நான் முழுங்கிக்கொண்டிருக்கிறேனா? சொன்னால் அந்தப் பத்துப் பேரும் அங்கே போய்விடுவார்கள். இங்கே மறுபடி நானும் ஸ்டூலும். சொல்லாவிட்டால் — நானெல்லாம் ஒரு மனுஷனா?

டிசம்பர் 21, ஞாயிறு

போகவில்லை. டிரைவர் கீழே ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். கட்டிலிலேயே கிடந்தேன்.

டிசம்பர் 24, புதன்

தாங்க முடியவில்லை. எதிர்க் கட்டடத்துக்குப் போய்க் கதவைத் தட்டினேன். "ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சு..."

"அட, நீங்கதானா என் பாட்டை வாங்கிக்கிட்ட ஆளு!" என்றார் பெரியவர். "நான் இந்தச் சபைக்குப் புதுசு, அவங்களுக்கு முகம் தெரியாது. மறுநாள் காலையிலேயே பாஸ்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். சாயங்காலமே ஓடி வந்து எனக்கும் பாடினாங்க."

மறுநாள் என்றால் வியாழன். சூப் வந்தது வெள்ளி.

"அப்போ அந்த சூப்...?"

"அது உங்களுக்குத்தான். எனக்குத் தனியா வந்துச்சே."

தெரிந்தே வந்திருக்கிறார்கள். தெரிந்தேதான் ஹாரனும் அடித்திருக்கிறார்கள்.

டிசம்பர் 25, வியாழன்

நானே போனேன். நொண்டாமல். வாசலிலேயே பாஸ்டரம்மாவைப் பிடித்து, "தெரிஞ்சும் ஏங்க சொல்லலை?" என்று கோபமாகத்தான் கேட்டேன்.

"நீங்க அவ்ளோ கஷ்டப்பட்டு நொண்டிக்கிட்டு வந்தீங்க. அதைப் போய் எப்படிண்ணே கெடுக்கிறது?"

"அதுவும் தப்பான கால்ல!" என்று டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். மானம் கப்பலேறிவிட்டது.

அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "முழங்காலுக்குப் பண்ணினது அவருக்கே போகட்டும். உங்களுக்குன்னு என்ன ஜெபிக்கட்டும்?" என்றார்.

என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. "வீட்ல யாருமில்லைங்க" என்றேன். அழுதுவிட்டேன் — நடு வாசலில், அத்தனை பேர் பார்க்க, பண்டிகை நாளும் அதுவுமாக. எத்தனை கை என் தலைமேல் இருந்தது என்று தெரியாது. கனமாக இருந்தது.

ஜனவரி 4, ஞாயிறு

பெரியவரை மூன்று மாடி இறக்கிக் கூட்டிப்போவது இப்போது என் வேலை. லிஃப்ட் இல்லாத கட்டடத்தைப் படிக்குப் படி திட்டிக்கொண்டே வருகிறார், என்னமோ நான் கட்டின மாதிரி.

முழங்கால் போட்டு ஜெபிக்கிற நேரம் வந்தது. அவரால் முடியாது. என் பக்கம் சாய்ந்து, "எனக்கும் சேர்த்து நீங்களே போட்டுடுங்க. என் பாட்டை வாங்கிக்கிட்டீங்கல்ல" என்றார்.

போட்டேன். வெறும் தரை. எல்லாரும் எழுந்த பிறகும் எனக்கு எழத் தோன்றவில்லை.

இப்போது நிஜமாகவே முழங்கால் வலிக்கிறது.