புள்ளி எண்ணியவள்

சாந்திம்மா,

நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. டியூஷன் பிள்ளைகள் வழக்கம்போல வருகிறார்கள், போகிறார்கள். சமையல் நான்தான். வாயில் வைக்க முடியவில்லை.

கிராஃப் தாளை எடுத்தாலே அந்தச் சாயங்காலம் வந்துவிடுகிறது. பத்தாவது பரீட்சையைத் தனியாக எழுத ஆசைப்பட்டாய். தேறினால், நீ பெருக்குகிற வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸிலேயே துடைப்பத்தை வைத்துவிட்டு, பைல் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு மனுப் போடலாம். ஒரு நேர்கோட்டை என் முன்னால் நீட்டி, "ஏங்க, இதுக்குச் சமன்பாடு எப்பிடிங்க கண்டுபிடிக்கிறது?" என்றாய்.

கோடு செங்குத்து அச்சை ஒன்றில் வெட்டியது. அங்கிருந்து வலப்பக்கம் இரண்டு கட்டம் போனால் நாலு கட்டம் ஏறுகிறது. நாலை இரண்டால் வகுத்தால் சாய்வு இரண்டு. y = 2x + 1, அவ்வளவுதான். நீ கட்டத்தை எண்ணவில்லை. வாசலில் கோலத்துக்கு எண்ணுகிற மாதிரி, தொடங்கிய இடத்தையும் சேர்த்துப் புள்ளிகளை எண்ணினாய். ஏறியது ஐந்து, நகர்ந்தது மூன்று என்றாய்.

நான் என்ன செய்தேன்? பிள்ளைகள் எதிரில், "மார்கழி கோலப் போட்டிக்குப் பேர் குடுத்துடு, பரிசு உனக்குத்தான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு என்னிடம் நீ கணக்கே கேட்கவில்லை. விட்டது தொல்லை என்று இருந்துவிட்டேன், பாவி.

நேற்று, உன்னோடு ஆபீஸ் பெருக்கும் வசந்தி வந்தாள். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பஸ் நகரவில்லை என்று நடந்தே வந்திருக்கிறாள். உன் நோட்டைக் கொடுத்தாள். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் போனில் பாடம் பார்த்துப் படித்தீர்களாமே? பக்கம் பக்கமாகக் கோடுகள், ஒவ்வொன்றின் கீழும் சமன்பாடு. கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்தது. ஒன்றுகூடத் தப்பில்லை.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று அவளிடம் கேட்டேன்.

"பாஸானப்புறம் சொல்லிக்கலாம்னாங்க சார். முன்னாடியே தெரிஞ்சா சிரிப்பாருன்னாங்க."

அடுத்த மாதம் பரீட்சை. வசந்தி எழுதப்போகிறாள். மீதிப் பாடத்தை நான் சொல்லித் தரட்டுமா என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "வேணாங்க சார், நானே பாத்துக்கறேன்" என்றாள்.

என்னை இவ்வளவு தெரிந்து வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் சோறு போட்டாய்?

இனி யார் தப்பாக எண்ணினாலும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து எண்ணுவேன், சாந்தி. சிரிக்க மாட்டேன். இந்தச் சத்தியத்தை உன் கையில் அடித்துச் செய்திருக்க வேண்டும்.

உன் வீட்டுக்காரன்